'கைபடா மருந்து': ஹசாடஸ் ட்ரக் என்பதற்கு ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கையாளுபவருக்கே தீங்கு செய்யக்கூடிய மருந்தைக் குறிக்கும் ஹசாடஸ் ட்ரக் என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம் கலைச்சொல் குழுவில் சென்ற வாரம் தொடங்கிய உரையாடலில் 'அபாய மருந்து', 'நச்சு மருந்து', 'இடர்தரு மருந்து', 'தீண்டா மருந்து' என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. இலங்கையின் வன்னியில் ஓர் அரச மருத்துவமனையின் மருந்தகத்தில் இந்த மருந்துகளை நாள்தோறும் எண்ணிக் கொடுப்பவள் என்ற முறையில், இவற்றை ஏற்க நான் ஏன் தயங்குகிறேன் என்பதையும், ஐந்தாவதாக ஒரு சொல்லையும் எழுத விரும்புகிறேன்.

முதலில் கருத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்த ஆங்கிலத் தொடரை 1990இல் அமெரிக்க மருத்துவமனை மருந்தாளர் சங்கம் பயன்படுத்தத் தொடங்கியது. 2004இல் அந்நாட்டின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் ஒரு பட்டியலோடு வெளியிட்ட எச்சரிக்கைக்குப் பின்னர் அது பரவலாயிற்று. புற்றுநோயைத் தூண்டக்கூடியது, கருவுக்கு ஊறு செய்வது, கருவளத்தைக் குறைப்பது, மரபணுவைச் சிதைப்பது, சிறிய அளவிலேயே உறுப்புகளைப் பாதிப்பது ஆகிய பண்புகளில் ஒன்று இருந்தாலோ, அத்தகைய மருந்தொன்றின் கட்டமைப்பை ஒத்திருந்தாலோ ஒரு மருந்து அப்பட்டியலுக்கு உரியதாகக் கருதப்படும். அங்கே பேசப்படுவது மருந்தைக் குடிக்கும் நோயாளியின் ஆபத்து அன்று. அதை எண்ணுபவர், கரைப்பவர், ஊசியில் ஏற்றுபவர், சிந்தியதைத் துடைப்பவர், நோயாளியின் படுக்கை விரிப்பைக் கழுவுபவர் ஆகியோரின் ஆபத்து. நாம் இதுவரை பேசிய சொற்களில் ஒன்றுகூட இந்த வேறுபாட்டைக் காட்டவில்லை என்பதே என் முதன்மையான குறை.

உயிர்க்கலங்களைக் கொல்லும் மருந்து என்ற பொருளில் 'கலநச்சு மருந்து' என்று நம் பாடநூல் வழக்கை ஒட்டிச் சொன்னால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். புற்றுநோய்க்குக் கொடுக்கும் சைக்ளோபொஸ்பமைட்டுக்கு அது முற்றிலும் பொருந்தும். ஆனால் வலிப்புக்குக் கொடுக்கும் வல்புரோயேட், ஆண்களின் புரொஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் பினஸ்டரைட் முதலியவை கலத்தைக் கொல்லும் மருந்துகள் அல்ல. கருவுக்குத் தீங்கு செய்யும் என்பதாலேயே அவை பட்டியலில் இடம்பெற்றன. ஆகவே கலநச்சு என்பது உட்பிரிவுக்கு நல்ல பெயர். அதை அங்கேயே வைத்துக்கொள்வோம்.

'அபாய மருந்து' என்பதை நான் மூன்று மாதங்கள் பயன்படுத்திப் பார்த்தேன். அதே பட்டியலில் உள்ள மெதோட்ரெக்சேற் குளிசைகளைப் போட்டுக் கொடுக்கும் கடதாசி உறைகளில் சிவப்பு மையால் 'அபாயம்' என்று எழுதினேன். மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரே நாள் மட்டும் அதை எடுக்கும் ஓர் அம்மா, அடுத்த கிளினிக்குக்கு வந்தபோது கொப்பியோடு அந்த உறையையும் மடிப்புக் கலையாமல் என் முன்னால் வைத்தார். "பிள்ளை, இதிலை அபாயம் எண்டு போட்டிருக்கு. எங்கடை வளவிலையிருந்து அந்தப் பலகையைக் கழட்டவே எத்தினை வருசம் பிடிச்சது. இதை எப்பிடி நான் குடிக்கிறது?" என்று கேட்டார். மண்டையோடு வரைந்த சிவப்பு மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளுக்கு நடுவே மீளக்குடியேறியவர்களுக்கு அந்தச் சொல் 'இங்கே காலை வைக்காதே' என்ற கட்டளை. அவர் ஒரு மாதம் மருந்தில்லாமல் வீங்கிய விரல்களோடு இருந்தார். அதற்கு என் சொல்லே காரணம்.

அன்றைக்கு இன்னொன்றையும் அறிந்துகொண்டேன். அந்த உறையை அவரால் திறக்க முடியாது. முந்திய மாதங்களில் உறையைத் தட்டி, குளிசைகளை உள்ளங்கையில் கொட்டி, எண்ணிக் கொடுத்தவர் அவருடைய மருமகள். அப்போது அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. முழுக் குளிசையை ஒருமுறை தொட்டதால் உடனே கேடு நேர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கர்ப்பிணிகள் அதைக் கையாளாதிருப்பதும், மற்றவர்கள் கையுறை அணிந்து எடுத்துப் பின்னர் கைகழுவுவதும், குளிசையை உடைக்காமலும் பொடியாக்காமலும் இருப்பதும் ஏற்கப்பட்ட நடைமுறை. குடிக்க வேண்டியவரைப் பயப்படுத்தி, கவனமாக இருக்க வேண்டியவருக்கு எதையுமே சொல்லாமல் விட்ட சொல்லைக் கலைச்சொல்லாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

'நச்சு மருந்து' என்பதில் உள்ள இடையூறு வயல்காரர் வீட்டில் வளர்ந்த எவருக்கும் தெரியும். இங்கே 'மருந்து அடித்தல்' என்றால் நெல்லுக்குப் பூச்சிகொல்லி தெளிப்பது. 'மருந்து குடித்துவிட்டார்' என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் கேட்பவர் ஐயோ என்று எழுந்துவிடுவார். 'மருந்து' என்ற சொல்லே ஏற்கெனவே இரண்டு பொருளையும் சுமந்துகொண்டிருக்கும் ஊரில், அதற்கு முன்னால் நஞ்சையும் வைத்தால் எந்தப் பொருள் நிலைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

'இடர்' நல்ல தமிழ்ச்சொல்தான். ஆயினும் வங்கிப் படிவங்களில் இடர்நேர்வு என்றும், தமிழகச் செய்திகளில் பேரிடர் என்றும் வழங்கி வருவதால், இடர்தரு மருந்து என்பதைக் கேட்பவர் வெள்ளத்தையோ கடனையோ நினைக்கக்கூடும். 'தீண்டா மருந்து' குறித்து நீண்ட விவாதமே தேவையில்லை. தீண்டாமை என்ற சொல் மனிதரை மனிதர் ஒதுக்கிய கொடுமையின் பெயராக இருக்கும்வரை, அந்த வினையடியை ஒரு குளிசையின்மீது ஒட்டுவதற்கு நான் உடன்படமாட்டேன்.

நான் முன்வைக்கும் சொல் 'கைபடா மருந்து'. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அழியாப் புகழ், வாடா மலர் என்பவற்றைப்போல இயல்பான ஆக்கம். செய்யக்கூடாத செயலை அது சொல்கிறது. குடிக்காதே என்று சொல்லவில்லை. அந்த அம்மா பயப்பட மாட்டார், மருமகள் கையை இழுத்துக்கொள்வார்.

தூசியை மூச்சில் இழுப்பதும் கெடுதிதானே, கை மட்டும் போதுமா என்ற கேள்வி எழும். கலைச்சொல் வரைவிலக்கணம் முழுவதையும் தாங்க வேண்டியதில்லை. மிதிவெடி என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். தோண்டினாலும் தூக்கினாலும்கூட அது வெடிக்கக்கூடும். ஆனால் அதிகம் நிகழும் செயலைப் பெயராக்கியதால்தான் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அந்தச் சொல் விளங்கியது. மருந்தகத்திலும் அதிகம் நிகழ்வது கைபடுதலே. தட்டில் குளிசைகளைக் கொட்டி, கரண்டியால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணி முடித்த பின், நீலத் தட்டில் மங்கலான மஞ்சள் பொடி ஒரு கோடாகப் படிந்திருக்கும். அதே தட்டில் அடுத்தவரின் பனடோலை எண்ணினால் அந்தப் பொடி அவருடைய வீட்டுக்கும் போகும். அதனால்தான் இம்மருந்துகளுக்குத் தனித் தட்டும் தனிக் கரண்டியும் வைத்து, ஒவ்வொரு முறையும் கழுவி எடுக்க வேண்டும் என்கிறோம். 'கைபடாத் தட்டு', 'கைபடா அடுக்கு', 'கைபடாக் கழிவு' என்று கிளைச்சொற்களும் தடையின்றி அமைகின்றன.

இந்தச் சொல்லுக்கு எதிராக எனக்கே வலுவாகத் தோன்றும் வாதம் ஒன்று உண்டு. உணவுப் பொதிகளில் 'கைபடாமல் தயாரிக்கப்பட்டது' என்று தூய்மையைக் குறித்து எழுதுகிறார்கள். அந்தப் பழக்கத்தில் ஒருவர் இதையும் தூய்மையான மருந்து என்று வாசித்துவிடலாம். ஆகவே ஆவணங்களில் 'கைபடா மருந்து' என்றும், உறையில் 'கைபடக்கூடாத மருந்து' என்றும் எழுதலாம் என நினைக்கிறேன்.

வழங்கல் தொடர்பான இரண்டு சொற்களையும் இதனுடன் சேர்த்து முடிவுசெய்ய வேண்டும், ஏனெனில் இருப்புக் குறையும்போதுதான் கை அதிகம் படுகிறது. 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டை நாடே பார்த்தது. மெதோட்ரெக்சேற்றில் 2.5 மில்லிகிராம் குளிசை முடிந்து 10 மில்லிகிராம் மட்டும் களஞ்சியத்தில் இருந்தால், யாரோ ஒருவர் அதை உடைக்க நேரும். பொடி பறக்கும், அளவும் பிழைக்கும். வாரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியதைத் தவறுதலாக நாள்தோறும் எடுத்தாலே உயிர் போகக்கூடிய மருந்து அது. தட்டுப்பாட்டுக்கென ஒதுக்கி வைக்கும் இருப்பான பபர் ஸ்டொக் என்பதற்குத் 'தாங்கிருப்பு' என்பது என் விருப்பம். வேதியியலில் பபர் கரைசலைத் தாங்கற் கரைசல் என்று படித்தவர்களுக்கு உடனே புரியும். 'விதையிருப்பு' என்று ஒரு மூத்த உத்தியோகத்தர் சொன்னதும் எனக்குப் பிடித்தது. ஆனால் விதைநெல்லைத் தின்னக்கூடாது, தாங்கிருப்பையோ தட்டுப்பாட்டில் எடுத்துக் கொடுத்தே ஆக வேண்டும். முதலில் காலாவதியாவதை முதலில் வெளியே விடும் முறைக்கு 'முந்துகாலாவதி முறை' என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த கிளினிக் நாளில் பத்து உறைகளில் 'கைபடக்கூடாத மருந்து. கர்ப்பிணிகள் எடுத்துக் கொடுக்க வேண்டாம். உடைக்க வேண்டாம். கிழமைக்கு ஒரு நாள்' என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். அந்த அம்மாவையும், வீட்டில் குளிசை எடுத்துக் கொடுப்பவர்களையும் வாசிக்கச் சொல்லி, அவர்கள் விளங்கிக்கொண்டதை அவர்களுடைய சொற்களிலேயே இங்கே எழுதுகிறேன். அதுவரை சொல்லை முடிவாக்காமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.