கலங்கல், வாடை, உப்பு: உங்கள் குழாய்த் தண்ணீர் அனுபவம் என்ன?

காலையில் திறந்ததும் சமையலறைக் குழாயில் பழுப்பாக வரும், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். தெருவில் வருவதே அப்படித்தான் என்றார் பிளம்பர். நம்பாமல் மூன்று கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தேன்: தொட்டிக்குப் போகும் முன் தெரு இணைப்பிலிருந்து நேராக, சமையலறையில், அடுத்த வீட்டில். சமையலறை மட்டும்தான் பழுப்பு. தொட்டியிலிருந்து இறங்கும் இரும்புக் குழாய் உள்ளே துருப்பிடித்திருந்தது. மாற்றியதும் நின்றது.

* * *

எங்களுக்கு நேர் எதிர். வீட்டில் ஒரு குறையும் இல்லை, தெருவிலிருந்தே சாக்கடை வாடையோடு வந்தது. விட்டுவிட்டுத் தண்ணீர் விடும் இடங்களில் இது நடக்கும். குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில், பக்கத்தில் தேங்கியிருக்கும் கழிவுநீர் விரிசல் வழியாக உள்ளே புகுந்துவிடும். மெயின் லைனிலேயே மோட்டார் போட்டு உறிஞ்சுகிறவர்கள் இருந்தால் இன்னும் மோசம். (இதைச் சொன்னதால் எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு.)

ஆளுக்கொரு புகார் கொடுத்தோம், ‘பார்க்கிறோம்’ என்ற பதில்தான் வந்தது. அப்புறம் எந்த வீட்டில் எப்போது வாடை, எந்த வீட்டில் இல்லை என்று ஒரே தாளில் குறித்தோம். படமாகப் போட்டதும் விஷயம் புரிந்துவிட்டது. ஒரு வளைவுக்கு அப்பால் இருக்கும் வீடுகளில் மட்டுமே வாடை. கிருமியைக் கொல்லத் தண்ணீரில் கலக்கும் குளோரின் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை கிட்டும் வாங்கினோம். மாத்திரையைப் போட்டால் தண்ணீர் இளஞ்சிவப்பாக வேண்டும், குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். வளைவுக்கு இந்தப் பக்கம் நிறம் வந்தது, அந்தப் பக்கம் வரவே இல்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டு எழுத்தில் கொடுத்து, புகார் எண்ணையும் கேட்டு வாங்கினோம். நேராக அந்த வளைவில்தான் தோண்டினார்கள். உடைப்பும் அங்கேதான் இருந்தது.

* * *

பால் மாதிரி வெள்ளையாக வருகிறது என்று பயப்படுகிறவர்களுக்கு: டம்ளரில் பிடித்து வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் வெறும் காற்றுக் குமிழிதான்.

* * *

எனக்கு எரிச்சல் இந்த டிடிஎஸ் மீட்டர் மேல்தான். சுத்திகரிப்புக் கருவி விற்க வந்தவர் அதைத் தண்ணீரில் முக்கி, எண்ணைக் காட்டி மிரட்டினார். தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை வைத்து, கரைந்திருக்கும் உப்புகளைக் கணக்கிடும் கருவி அது, அவ்வளவுதான். கிருமி இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. எண் குறைவாகக் காட்டும் தண்ணீரிலும் ஈ.கோலை என்ற மலக்கிருமி இருக்கலாம்.

அவரை அனுப்பிவிட்டு ஆய்வகத்துக்குப் போனேன். கிருமிச் சோதனைக்கு வீட்டு பாட்டில் ஆகாது, அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, குளிர்ச்சியாக வைத்து அன்றே கொடுக்க வேண்டும். எங்கள் அறிக்கையில் கிருமி இல்லை. ஆனால் நைட்ரேட், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. காய்ச்சினால் சரியாகிவிடும் என்றார்கள் வீட்டில். கிருமிதான் சாகும், நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதையே இது பாதிக்கும். அதனால் முதல் வேலையாக, குழந்தைக்குப் பால் பவுடர் கலக்க வேறு தண்ணீருக்கு மாறினோம். அறிக்கையின் நகலைத் தண்ணீர் விடும் அலுவலகத்திலும் கொடுத்திருக்கிறோம். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.