பார்வை இல்லாதவருக்கு போன்: வாயால் சொன்னால் போதுமா?

லிந்துலை குமரன்:
எங்கள் மாமாவுக்கு சீனி வருத்தத்தில் இரண்டு கண்ணும் போய்விட்டது. கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாருமாகச் சேர்ந்து ஒரு அண்ட்ரொய்ட் போன் வாங்கிக் கொடுக்கலாம் என்று பேச்சு. கூகுள் அசிஸ்டன்ட் ஒன்றே அவருக்குப் போதும் என்பது என் கட்சி. தமிழில் கேட்டால் தமிழில் பதில் வருகிறது. நேரம் சொல்லும், அலாரம் வைக்கும், "தங்கச்சிக்குக் கோல் எடு" என்றால் எடுக்கும். திரையைத் தடவவே தேவையில்லை. பெரியப்பா மகன் மட்டும் "காசைக் கரியாக்காதே, பழைய பட்டன் போன் போதும்" என்று நிற்கிறார். பாவிக்கிறவர்கள் சொல்லுங்கள்.

அக்கரப்பத்தனை சுதா:
தம்பி, எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. இதையும் போனில்தான் எழுதுகிறேன். கேட்டதற்குப் பதில் சொல்கிற அசிஸ்டன்ட் வேறு, திரையில் இருப்பதை வாசிக்கிற டோக்பேக் வேறு. விரல் எங்கே படுகிறதோ அங்கே உள்ளதை டோக்பேக் சொல்லும், இரண்டு தட்டுத் தட்டினால் திறக்கும். ஐபோனில் 2009 முதல் வொய்ஸ்ஓவர் அந்த வேலையைச் செய்கிறது. அசிஸ்டன்ட் சொன்னதைச் செய்துவிட்டுப் போய்விடும். அடித்ததில் ஒரு எழுத்தைத் திருத்தவோ, பாங்க் ஆப்பில் பெட்டி பெட்டியாக நகரவோ அதை நம்ப முடியாது. பெரும்பாலானவற்றுக்கு நெட்டும் வேண்டும். மழை பிடித்தால் எங்கள் பக்கம் சிக்னலே நிற்காது. தமிழ்க் குரலை ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் டோக்பேக் நெட் இல்லாமலும் பேசும். ராத்திரியில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் அம்புலன்சுக்கு 1990 என்று நானே நம்பர் அழுத்திவிடுவேன்.

ஹட்டன் ரமேஷ்:
அக்கா சொல்வது பழகினவர்களுக்குச் சரி. நான் டவுனில் போன் கடை வைத்திருக்கிறேன். சத்தம் கூட்டுகிற, குறைக்கிற பட்டன் இரண்டையும் தெரியாமல் சேர்த்துப் பிடித்து டோக்பேக் ஓனாகி, "போன் பேய் பிடிச்ச மாதிரி கத்துது" என்று ஓடி வருகிறவர்கள் உண்டு. ஒரு விரலால் இழுத்தால் திரை நகராது, இரண்டு விரல் வேண்டும் என்பது கண் தெரிகிறவர்களுக்கே பிடிபடுவதில்லை. இவர் மாமாவோ சீனி வருத்தக்காரர். நாள்பட்ட சீனி வருத்தத்தில் விரல் நுனி மரத்துப்போவதும் நடக்கும். அப்படிப்பட்ட விரலால் கண்ணாடியைத் தடவிப் பழகு என்பது நியாயமா? வாயால் சொல்லி முடிகிற வேலையை வாயாலேயே முடிக்கட்டும்.

அக்கரப்பத்தனை சுதா:
விரல் மரப்பது நியாயமான பேச்சுதான். ஆனால் வாயால் சொன்னால் முடிந்துவிடுமா? ஒரு லயத்துக்கு, அதாவது ஒரு வரிசைத் தோட்ட வீடுகளுக்கு, மூன்று லெட்சுமி இருக்கிற ஊர் இது. போதாததற்குப் பிள்ளைகள் பெயர்களை இங்கிலீஷ் எழுத்தில் போட்டு வைப்பார்கள். தமிழில் கூப்பிட்டால் அசிஸ்டன்ட் எந்த லெட்சுமியிடம் போகும் என்று சொல்ல முடியாது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடித்து வருகிற வட்ஸ்அப் மெசேஜை டோக்பேக்கும் கொலை செய்யும், அதையும் சொல்லத்தான் வேண்டும். திருவிழா நோட்டீஸைப் போட்டோவாக அனுப்பினால் என் போனில் 'படம்' என்பதோடு நின்றுவிடும். கூகுள் லென்ஸில் காட்டினால் தமிழ் எழுத்தை வாசித்துக்கொள்ளலாம், அதற்கு மறுபடி நெட்.

பதுளை டீச்சர்:
பிள்ளைகளே, இரண்டு பேருமே காதை மறந்துவிட்டீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவருக்குச் சம்பளம் விழுந்த மெசேஜை போன் சத்தமாக வாசித்தது. ஏறியிருந்த அத்தனை பேருக்கும் அவர் சம்பளம் தெரிந்துவிட்டது. பாங்க் அனுப்புகிற ரகசிய நம்பர், அந்த ஓடிபியும் அப்படித்தானே வரும்? ஹெட்போன் மாட்டினால் வளைவில் வருகிற லொறியின் சத்தம் கேட்காது. இந்தப் போனில் எதுவும் தோட்டத்துப் பாதையில் தண்ணீர் ஓடுகிற கான் எங்கே இருக்கிறது என்று சொல்லாது, அதற்கு வெள்ளைப் பிரம்புதான். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, புள்ளிகளைத் தொட்டு வாசிக்கிற பிரெயிலை விட்டுவிட்டு எல்லாவற்றையும் காதாலேயே படித்தது. இப்போது ல, ள, ழ எதை எங்கே போடுவது என்று தெரியாமல் முழிக்கிறது. நான் போனுக்கு எதிரி இல்லை. ஆனால் எல்லாம் போனுக்குள் இருக்கிறது என்கிற பேச்சு எனக்கு ஒத்துவரவில்லை.

நானுஓயா பையன்:
ஒரு கையில் பிரம்பு, ஒரு கையில் குடை. போனை எந்தக் கையால் பிடிப்பது? திரை நனைந்துவிட்டால் விரலும் எடுக்காது. இதையும் யாராவது பேசுங்க.

அக்கரப்பத்தனை சுதா:
தம்பி, மழையில் நான் போனைப் பைக்குள் போட்டுவிடுவேன், வேறு வழியில்லை.

டீச்சர், பஸ்ஸில் நான் ஒரு காதில் மட்டும்தான் மாட்டுவேன், மற்றக் காது ரோட்டுக்கு. எட்டிப் பார்க்கிறவர்களுக்காகத் திரையைக் கறுப்பாக மறைக்கிற வசதி டோக்பேக்கிலேயே இருக்கிறது. ஓடிபியில் எனக்கு வேறு தலையிடி. ஆறு இலக்கத்தையும் சேர்த்து "நாலு லட்சத்து இத்தனை ஆயிரம்" என்று ஒரே மூச்சில் வாசிக்கும். வாசிக்கிற முறையை எழுத்து எழுத்தாக மாற்றி, விரலைக் கீழே இழுத்து இழுத்து ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். முதலில் பழகும்போது, நான் கேட்டு முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். காசு எண்ண ஆப் வேண்டும் என்பவர்களோடு எனக்கும் உடன்பாடில்லை. 2011இல் புழக்கத்துக்கு வந்த இலங்கை நோட்டுகளில் விரலுக்குத் தட்டுப்படும் புள்ளிகள் உண்டு, பெறுமதி கூடக்கூட நீளமும் கூடும்.

பிரெயில் விஷயத்தில் பழியை போன்மேல் போடாதீர்கள். 2020 முதல் டோக்பேக்கிலேயே பிரெயில் விசைப்பலகை இருக்கிறது. பிள்ளைகள் கைக்குப் பிரெயில் புத்தகம் போய்ச் சேரவில்லை என்றால், அதைச் சேர்க்க வேண்டியவர்களைக் கேளுங்கள்.

லிந்துலை குமரன்:
மாமாவிடமே கேட்டேன். கிரிக்கெட் ஸ்கோர் வேண்டுமாம், செய்தி வேண்டுமாம். பிறகு மெதுவாகச் சொன்னார், பாங்கில் இருந்து வருகிற மெசேஜை மகன் வாசித்துச் சொல்லாமல் தானே கேட்க வேண்டுமாம். பெரியப்பா மகனும் பக்கத்தில்தான் இருந்தார். ஒன்றும் பேசவில்லை.

ஹட்டன் ரமேஷ்:
அப்படியென்றால் டோக்பேக் இல்லாமல் முடியாது. வாங்குவதற்கு முன் அவரைக் கடைக்குக் கூட்டி வாங்க குமரன், விரல் எடுக்கிறதா என்று தொட்டுப் பார்க்கட்டும். எடுக்காவிட்டால் என் கட்சிதான், கோலுக்கும் ஸ்கோருக்கும் அசிஸ்டன்ட்.

அக்கரப்பத்தனை சுதா:
குரலின் வேகத்தைக் குறைத்து வைத்துக் காட்டுங்கள் ரமேஷ், கடைச் சத்தத்தில் வேகமாகப் பேசினால் மனிசன் அங்கேயே வெறுத்துவிடுவார். லெட்சுமிமார் பெயரை எல்லாம் தமிழில் மாற்றி வையுங்கள் குமரன். மேல் லயத்து லெட்சுமி, கடைக்கார லெட்சுமி என்று பிரித்துப் போடுங்கள்.