நீள ஷாஃப்டில் டேப்பர்: தடிப்பு எங்கே என்று பாருங்கள்

(லேத் வேலை செய்யும் மூவரின் குறிப்புகள்; ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் வேலை இருக்கிறது.)

பம்ப் ஷாஃப்ட் வேலை, கோவை

லேத்தில் இரண்டு சென்டருக்கு (ஷாஃப்டின் இரு முனையையும் தாங்கும் கூர்முனைகள்) இடையில் ஷாஃப்ட் ஓட்டும்போது டேப்பர் விழுந்தால், அதாவது ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்தால், பலரும் உடனே டெயில் ஸ்டாக்கை (சக்குக்கு எதிர்முனையில் சென்டரைத் தாங்கும் பகுதி) நகர்த்தப் போகிறார்கள். அதற்கு முன்னால் மைக்ரோமீட்டரை மூன்று இடத்தில் வையுங்கள்: சக் (ஷாஃப்டைச் சுழற்றும் பகுதி) பக்கம், நடு, டெயில் ஸ்டாக் பக்கம். எங்கே தடித்திருக்கிறதோ அதை வைத்தே கோளாறைப் பிடித்துவிடலாம்.

டெயில் ஸ்டாக் பக்கம் சீராகத் தடித்துக்கொண்டே போனால், அந்த சென்டர் வெட்டும் டூலை விட்டு விலகி நிற்கிறது. டூல் பக்கம் கொண்டுவர வேண்டும். மெலிந்துகொண்டே போனால் எதிர்ப்பக்கம். விட்டத்தில் வரும் வித்தியாசத்தில் பாதிதான் கணக்கு. ஷாஃப்ட் 400 மி.மீ., அளந்தது 300 மி.மீ., வித்தியாசம் 0.06 என்றால் பாதி 0.03, முழு நீளத்துக்கு விகிதம் போட்டால் 0.04. டயல் கேஜை (நகர்வை முள்ளால் காட்டும் அளவி) டெயில் ஸ்டாக் பேரலில் வைத்து, ஒரு பக்க ஸ்க்ரூவைத் தளர்த்தி மறுபக்கத்தை இறுக்குங்கள். கடைசியில் பெட்டோடு (லேத்தின் நீள அடித்தளம்) சேர்க்கும் நட்டை இறுக்கும்போது முள் சற்று நகரலாம். அந்த நகர்வையும் சேர்த்துத்தான் 0.04 வர வேண்டும்.

6205 பேரிங் உட்காரும் 25 மி.மீ. இடத்துக்கு கே6 (பேரிங் பொருந்துவதற்கான அளவு வரம்பு) என்றால் 25.002 முதல் 25.015 வரை. மொத்த இடைவெளியே 0.013தான். ஒரு முனையில் சைஸ் எடுத்தபோது டூலை நகர்த்தும் கைப்பிடி டயல் காட்டிய அதே அளவில் மறுமுனையை ஓட்டினால், 0.06 டேப்பரில் பேரிங் ஏறாது. இல்லையென்றால் லூசாக ஏறி, உள்வளையம் வழுக்கிச் சுழன்று ஷாஃப்டைத் தின்னும்.

ஜாப் வொர்க், 6 அடி லேத்

கோவை அண்ணன் சொன்னது சரி. ஆனால் இரண்டு முனையும் சரியாக இருந்து நடு மட்டும் தடித்தால் டெயில் ஸ்டாக்கைத் தொடவே கூடாது. டூல் தள்ளும்போது ஷாஃப்ட் பின்வாங்குகிறது. நீளம் விட்டத்தைப் போல 10, 12 மடங்கைத் தாண்டினால் டிராவலிங் ஸ்டெடி (டூலோடு கூடவே நகர்ந்து ஷாஃப்டைத் தாங்கும் துணை) போடுங்கள். டூல் மூக்கு ரேடியஸ் 0.4 போதும், ரேடியஸ் பெரிதானால் தள்ளும் விசை கூடி அதிர்வு வரும், மேற்பரப்பில் வரி வரியாகத் தெரியும்.

சூட்டையும் மறக்காதீர்கள். ரஃபிங்கில் (முதலில் எடுக்கும் கனமான வெட்டு) 400 மி.மீ. இரும்பு ஷாஃப்ட் 40 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.18 மி.மீ. நீளும். சென்டர் இறுகியிருந்தால் நீள இடமில்லாமல் வளையும். ஃபினிஷிங்குக்கு முன் ஷாஃப்டை ஆறவிட்டு, சென்டரைத் தளர்த்தி மறுபடி பிடியுங்கள்.

டூல் ரூம்

டூல் உயரத்தை ஸ்டீல் ஸ்கேலை வைத்தே பார்த்துவிடலாம். மெஷினை நிறுத்தி, டூல் முனைக்கும் ஜாபுக்கும் (லேத்தில் பிடித்திருக்கும் பொருள்) நடுவில் ஸ்கேலை மெதுவாகப் பிடியுங்கள். நேராக நின்றால் சரி. மேல் முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. ஜாப் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. உயர்ந்த டூல் வெட்டாமல் உரசும். தாழ்ந்த டூலில் ஃபேசிங் (முனை முகத்தை வெட்டுவது) செய்தால் நடுவில் சின்ன மொட்டு மிஞ்சும்.

இன்னொன்று, கார்பைட் இன்சர்ட்டை (டூலில் மாட்டும் கடினமான வெட்டு முனை) மெதுவாக ஓட்டாதீர்கள். 25 மி.மீ. மைல்ட் ஸ்டீலுக்கு நிமிடத்துக்கு 120 மீட்டர் வேகம் வேண்டுமென்றால் சுமார் 1,500 சுற்று. பழைய லேத் அவ்வளவு ஓடாது. வேகம் குறைந்தால் டூல் முனையில் இரும்பு ஒட்டிக்கொண்டு மேற்பரப்பைப் பிய்க்கும். அந்த மெஷினில் நன்றாகத் தீட்டிய எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலை 380 சுற்றில் ஓட்டினால் சுத்தமாக வரும்.

பம்ப் ஷாஃப்ட் வேலை, கோவை

கடைசி 0.01க்கு எமரி (தேய்க்கும் துணிப் பட்டை) போடுகிறவர்களுக்கு: பட்டையின் இரண்டு முனையையும் இரண்டு கையில் தனித்தனியாகப் பிடியுங்கள். விரலில் சுற்றாதீர்கள், ஷாஃப்டைச் சுற்றியும் போடாதீர்கள், கையுறை வேண்டவே வேண்டாம். துணி சிக்கினால் கையோடு இழுக்கும். எமரித் தூள் பெட்டில் விழாமல் அடியில் காகிதம் விரித்து, வேலை முடிந்ததும் கைட்வேயை (பெட்டின் மேலுள்ள வழுக்குத் தடம்) துடைத்து எண்ணெய் விடுங்கள். அந்தத் தூள் கேரேஜுக்கு (டூலைத் தாங்கி நகரும் பகுதி) அடியில் போனால் பெட்டைத் தேய்த்துவிடும். சக் பக்கத்துப் பெட்தான் முதலில் தேயும்; தேய்ந்த பெட்டில் வரும் டேப்பரை டெயில் ஸ்டாக்கை நகர்த்தி எடுக்க முடியாது.