ரீஜனல் சென்டர்னா என்ன, ஏன் இப்படி தனியா ஒரு ஆபீஸ்?

சன்னிவேல்_அப்பா:
பையனுக்கு ரெண்டே கால் வயசு, இன்னும் பேச்சு வரல, கூப்பிட்டா திரும்பறதும் இல்ல. பீடியாட்ரிஷன் ரீஜனல் சென்டருக்கு (வளர்ச்சிக் குறைபாடு இருக்கறவங்களுக்கு உதவி ஏற்பாடு பண்ற இடமாம்) போன் பண்ணுங்கனு ஒரு நம்பர் குடுத்தார். ஊர்ல இருந்து வந்திருக்கற மாமியார் "கவர்மெண்ட்ல பேரு ஏறிடுச்சுன்னா அழிக்கவே முடியாது, வேணாம்"னு ஒரே பிடி. நாங்க எச்1பி வேலை விசால வேற இருக்கோம். ஸ்கூல் இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, அப்புறம் எதுக்கு இது தனியா? யாருக்காவது தெரியுமா?

மூணு_ஐஈபி_பாத்தவ:
தம்பி முதல்ல போன் போடுங்க, மத்ததெல்லாம் அப்புறம். மூணு வயசுக்குள்ளன்னா எர்லி ஸ்டார்ட்னு சின்ன குழந்தைங்களுக்கான திட்டம், ரெஃபரல் போன நாள்ல இருந்து 45 நாளுக்குள்ள டெஸ்ட் முடிச்சு மீட்டிங் வெக்கணும்னு ரூல். விசா ஸ்டேட்டஸ் பாக்க மாட்டாங்க, கலிஃபோர்னியால குடியிருந்தா போதும் (மனசு கேக்கலன்னா லாயர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க). எங்களுக்கு முதல்ல பேர் பதியற இன்டேக்ல ஒரு பேப்பர் தொலைஞ்சு போச்சுனு சொல்லி ரெண்டு மாசம் இழுத்தாங்க, அதனால எது கேட்டாலும் ஈமெயில்ல கேளுங்க, தேதியோட இருக்கும்.

பழைய_பேப்பர்:
உங்க மாமியார் சொல்றத சிரிச்சு தள்ளாதீங்க. இதே ஸ்டேட் 1909-ல சட்டம் போட்டு ஆஸ்பத்திரில அடைச்சு வெச்சவங்களுக்கு கட்டாய கருத்தடை பண்ணுச்சு, மொத்தம் சுமார் 20,000 பேர், அதுல சோனோமா ஆஸ்பத்திரிதான் ரொம்ப மோசம். சட்டத்த எடுத்ததே 1979-ல, நஷ்டஈடு குடுக்க சட்டம் வந்தது 2021-ல.

சான்டா கிளாரால ஆரக்கிள் கேம்பஸ் பாத்திருக்கீங்களா, மணிக்கூண்டு வெச்ச பழைய கட்டிடம், முன்னாடி பனைமரம்? நம்ம ஆளுங்க பாதி பேர் அங்க மதியம் வாக்கிங் போவாங்க. அது ஆக்னியூஸ் ஸ்டேட் ஹாஸ்பிடல், ஸ்டேட் நடத்தின மனநல ஆஸ்பத்திரி. 1906 பூகம்பத்துல பழைய கட்டிடம் இடிஞ்சு நூறு பேருக்கு மேல செத்தாங்க, அப்புறம் கட்டினதுதான் இது. 60கள்ல இருந்து மனவளர்ச்சி குறைஞ்சவங்களையும் அங்க வெச்சாங்க. அப்போ ஸ்டேட் ஹாஸ்பிடல்கள்ல மட்டும் 13,000 பேருக்கு மேல, வெளிய வருஷக்கணக்கா வெயிட்டிங் லிஸ்ட். பெத்தவங்களுக்கு ரெண்டே வழி, ஒண்ணு பிள்ளைய அங்க விடணும், இல்ல வீட்லயே வெச்சு ஒரு உதவியும் இல்லாம கஷ்டப்படணும்.

மூணாவது வழி கேட்டு அந்த பெத்தவங்கதான் ஸ்டேட் தலைநகர் சாக்ரமென்டோ படி ஏறினாங்க. 1966-ல சான் பிரான்சிஸ்கோலயும் எல்ஏலயும் ட்ரையலா ரெண்டு சென்டர். ஃப்ராங்க் லான்டர்மேன்னு ஒரு ரிபப்ளிகன் எம்எல்ஏ கொண்டு வந்த சட்டத்துல 1969-ல அப்போ கவர்னரா இருந்த ரீகன் கையெழுத்து போட்டார் (ஆமா, பின்னாடி பிரசிடென்ட் ஆன அதே ரீகன்தான்). 1973-ல ஆட்டிசம், வலிப்பு, செரிப்ரல் பால்சி எல்லாம் சேந்துச்சு. இப்போ 21 சென்டர், எல்லாமே ஸ்டேட் காசுல நடக்கற நான்-ப்ராஃபிட், கவர்மெண்ட் ஆபீஸ் கிடையாது, அதான் உங்களுக்கு விசித்திரமா தெரியுது. ஸ்கூல்னா 22 வயசோட முடிஞ்சுடும், இது ஆயுசுக்கும்.

80கள்ல காசு மிச்சம் பிடிக்கறேன்னு ஸ்டேட் சர்வீஸ வெட்டப் பாத்துச்சு, கேஸ் கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1985-ல இது சலுகை இல்ல, உரிமைனு தீர்ப்பு வந்துச்சு. இன்னிக்கு நாம மீட்டிங்ல சண்டை போடறதே அந்த ஒரு வார்த்தைய வெச்சுதான்.

மூணு_ஐஈபி_பாத்தவ:
ஆக்னியூஸ் மிச்சமும் 2009-ல மூடிட்டாங்க. அங்க இருந்தவங்கள்ல நிறைய பேர் இப்போ பே ஏரியாலயே நாலஞ்சு பேர் சேந்து இருக்கற சாதாரண வீட்டுலதான். எங்க தெருவுல ஒண்ணு இருக்கு, வேன் வந்து நிக்கும்போதுதான் தெரியும்.

தம்பி, ஒண்ணு மறந்துட்டேன், மூணு வயசானதும் ரீஜனல் சென்டர் உதவி தானா தொடராது. திரும்ப எலிஜிபிலிட்டி பாப்பாங்க, ஆட்டிசம் டயக்னோசிஸ் இருந்தாலும் "அன்றாட வாழ்க்கைய எவ்ளோ பாதிக்குது"னு நிரூபிக்கணும். ரெண்டரை வயசுலயே எழுதிக் கேளுங்க. நல்லா பண்ற நாள மட்டும் சொல்லி பெருமை பேசாதீங்க, நான் அப்படித்தான் மாட்டிக்கிட்டேன்.

சன்னிவேல்_அப்பா:
அக்கா, இன்னிக்கு காலைல போன் பண்ணிட்டேன். வீட்ல என்ன மொழின்னு கேட்டாங்க, தமிழ்னேன், வேணும்னா இன்டர்ப்ரெட்டர் போடறோம்னாங்க. ஆக்னியூஸ் கதைய மாமியார்கிட்ட படிச்சு காட்டினேன், கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "மீட்டிங் அன்னிக்கு நானும் வரேன், என்ன எழுதறாங்கன்னு பாக்கணும்"னுட்டாங்க.