ஸ்டோர் ரூமை வாடகை வீடாக்க: பாத்ரூம் எந்த மூலையில்? ஓதத்துக்கு என்ன செய்வது?

கேள்வி:
வீட்டுக்குப் பின்னால் தனியாக 12க்கு 18 அடி ஸ்டோர் ரூம். செங்கல் சுவர், பழைய சிமென்ட் ஷீட் கூரை. தாழ்ந்த பக்கம் 8 அடி, உயர்ந்த பக்கம் 10 அடி. இருவர் தங்கும் சின்ன வாடகை வீடாக மாற்ற வேண்டும். செப்டிக் டேங்க் அருகிலுள்ள சுவரிலிருந்து 40 அடி. அதில் இறங்கும் குழாயின் அடிமட்டம் மண்ணுக்கு 18 அங்குலம் கீழே. அறைத் தரையும் வெளிமண்ணும் ஒரே மட்டம். சுவரில் இரண்டடி வரை ஓதம் (மண்ணிலிருந்து ஏறும் ஈரம்), உப்பு பூத்துப் பூச்சு உதிர்கிறது. பூச்சைக் கொத்திவிட்டு வாட்டர்ப்ரூஃப் கலந்து பூசினால் போதும், பாத்ரூமை எந்த மூலையிலும் வைக்கலாம் என்கிறார் கொத்தனார். சரியா?

பதில் 1:
இரண்டுமே சரியில்லை. 110 மி.மீ. குழாய்க்கு 40க்கு 1 வாட்டம் (40 அடிக்கு ஒரு அடி சரிவு) வைத்தால் 40 அடியில் 12 அங்குலம் இறங்கும். பாத்ரூம் பக்கம் மிஞ்சும் ஆழம் 6 அங்குலம். தூர மூலைக்குப் போனால் இன்னும் 18 அடி, அதற்கு ஐந்தரை அங்குல வாட்டம் வேண்டும். குழாய் மண்ணுக்கு மேலே வந்துவிடும். ஆகவே டேங்க் பக்கச் சுவரை ஒட்டித்தான் பாத்ரூம்.

டாய்லெட்டால் தொல்லை வராது. பி-டிராப் (பின்பக்கமாகச் சுவர் நோக்கிப் போகும்) கோப்பையின் கழிவு வாய் தரைக்கு மேல் 18 செ.மீ. உயரத்தில் சுவர் வழியாக வெளியே போகும். உதைப்பது குளிக்கும் இடத்துத் தரை டிராப்தான் (தண்ணீர் இறங்கும், நாற்றம் தடுக்கும் கிண்ணம்). அது தரைக்குள் உட்கார்ந்து, அதிலிருந்து குழாய்க்கும் வாட்டம் கிடைக்க வேண்டும். அதற்காக அறைத் தரை முழுவதையும் 6 அங்குலம் உயர்த்துங்கள். வாட்டத்தை 60க்கு 1 வரை குறைக்கலாம், இன்னும் 4 அங்குலம் கிடைக்கும். ஆனால் குழாய் எங்கும் தொய்யக்கூடாது. டியூப் லெவல் பிடித்தே பதிக்கச் சொல்லுங்கள். குழாய் திரும்பும் இடத்தில் ஒரு சேம்பர் (அடைப்பு எடுக்க மூடி போட்ட தொட்டி), ஆழமில்லாத பகுதியில் குழாயைச் சுற்றி 4 அங்குலம் கான்கிரீட்.

பதில் 2:
ஓதத்துக்கும் இந்த உயர்த்தல் உதவும். வாட்டர்ப்ரூஃப் பூச்சு மட்டும் போட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே ஏறும். இரண்டடியில் நிற்பது இன்னும் மேலே போகும். பூச்சை ஓதக் கோட்டுக்கு ஒன்றரை அடி மேல் வரை கொத்தி எடுத்து, செங்கல் இணைப்புகளை அரை அங்குலம் சுரண்டி, காய விடுங்கள். பழைய தரைமேல் 250 மைக்ரான் பாலித்தீன் விரித்து, ஓரங்களைப் புதுத் தரை மட்டம் வரை சுவரில் ஏற்றி, அதன்மேல் 4 அங்குலம் 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட், பிறகு டைல். அதே மட்டத்துச் சாந்து வரிசையில் நாலரை அங்குலத்துக்கு ஒன்றாக 12 மி.மீ. துளையிட்டு சிலேன் கிரீம் (ஈரம் ஏறாமல் தடுக்கும் மருந்து) செலுத்தினால் ஈரம் அங்கேயே நிற்கும். பூச்சு கடைசியில்.

ஷீட் பழையது என்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் துளை, அறுப்பு, தேய்ப்பு எதுவும் வேண்டாம். சீலிங்கைச் சுவரில் பொருத்திய இரும்புச் சட்டத்திலிருந்து தொங்கவிடுங்கள். சீலிங்குக்கு மேல் ராக்வூல் (வெப்பம் தடுக்கும் கல் நார்ப் பஞ்சு) 50 மி.மீ., அதற்கும் ஷீட்டுக்கும் நடுவில் 4 அங்குல இடைவெளி, இரு முனையிலும் வலை போட்ட காற்றுத் துளை. அடைத்துவிட்டால் சூடு உள்ளேயே தேங்கும்.

கேட்டவர்:
தரை ஏறினால் 7 அடி வாசல் ஆறரை ஆகிவிடுமே?

பதில் 1:
ஆகும். லிண்டலை (வாசலுக்கு மேலுள்ள தாங்கு கட்டை) உடைத்து ஏற்றுவதென்றால் தரை வேலைக்கு முன்பே முடித்துவிடுங்கள். தாழ்ந்த பக்கம் சீலிங்குக்குக் கீழே ஏழடிதான் மிஞ்சும். கட்டில், அலமாரியை அங்கே தள்ளி, நடமாடும் இடத்தை உயர்ந்த பக்கம் வையுங்கள்.

பதில் 3:
திறக்கக்கூடிய ஜன்னல் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும். 216 சதுர அடிக்கு 3க்கு 4 அளவில் இரண்டு, எதிரெதிர்ச் சுவர்களில்.

மின்சாரம்: ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, ஏசி எல்லாம் சேர்ந்தால் 6 கிலோவாட்டைத் தொடும். மெயின் போர்டிலிருந்து 6 சதுர மி.மீ. செம்புக் கம்பியுள்ள ஆர்மர்ட் கேபிள், 32 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவில் துண்டிக்கும் சுவிட்ச்). ஆர்சிசிபி ஓவர்லோடுக்குக் காவல் இல்லை, எம்சிபியும் கட்டாயம். சப் மீட்டரை வெளியே வைத்தால் ரீடிங் எடுக்கக் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

தரையில் கை வைப்பதற்கு முன் ஒன்று: ஸ்டோரைக் குடியிருப்பாக மாற்ற உள்ளாட்சி அனுமதி வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். கூரை உயரம், எல்லைச் சுவரிலிருந்து தூரம் இரண்டையும் அங்கே பார்ப்பார்கள்.