காசு கட்டி ஆய்வுப் பயணம் போகலாமா? யோசனை சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம் கதிர்:
விலங்கியல் முடித்திருக்கிறேன். ஆப்பிரிக்காவில் ஆய்வாளர்களோடு இரண்டு வாரம் தங்கி யானைகளைக் கணக்கெடுக்கும் பயணம் ஒன்று இருக்கிறது. தன்னார்வலர்தான், ஆனால் கட்டணம் நாம் கட்ட வேண்டும். விமானச் செலவும் சேர்ந்தால் லட்சங்களில் போகிறது. அப்பா கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார். போகலாமா?

தாழங்குடா செல்வி:
போகாதே தம்பி. உழைப்பையும் கொடுத்து, காசையும் கொடுப்பதா? அதுவும் அப்பா கடன் வாங்கி? ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நம் கடற்கரையிலேயே பங்குனி ஆமை முட்டையிட ஏறுகிறது. முட்டையைத் தேடி ராத்திரி கரையில் நடக்க ஆள் போதாமல் தவிக்கிறோம். நாங்கள் போவதற்குள் நாய் தோண்டித் தின்றுவிடுகிறது.

முத்தியால்பேட்டை ரவி:
அக்கா, காசு வாங்குவதாலேயே அது ஏமாற்று ஆகிவிடாது. தன்னார்வலரைக் கள ஆய்வுக்கு அனுப்பும் எர்த்வாட்ச் அமைப்பு 1971-இல் தொடங்கியதிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. தன்னார்வலர் கட்டும் பணத்தில்தான் களச்செலவு ஓடுகிறது. பையன் முறையாக வேலை கற்றுக்கொள்வான். இங்கே என்ன? நடக்கிறோம், படம் எடுக்கிறோம், குஞ்சைக் கடலில் விடுகிறோம். எழுதி வைக்காவிட்டால் அது சேவை, ஆய்வு இல்லை.

தாழங்குடா செல்வி:
எழுதுவதில்லை என்று யார் சொன்னது? வனத்துறை ஆட்களோடு ஒரு ராத்திரி வந்து பாருங்கள். தடம் பார்த்து, குச்சியால் மெல்லக் குத்தி, மணல் இளகும் இடத்தில் கையை விட்டால் முட்டை தட்டுப்படும். நூறு, நூற்றிருபது இருக்கும். ஒன்றைக்கூட உருட்டக் கூடாது. இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் புரட்டினால் போச்சு. எண்ணிக்கை, இடம், நேரம், குழியின் ஆழம் எல்லாம் நோட்டில் ஏறும். முட்டைகளைக் கொண்டுபோய்ப் புதைத்துக் காக்கும் பொரிப்பகத்திலும் அதே ஆழத்துக்குத்தான் குழி. மணல் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண். அதனால் ஆழம் மாறக் கூடாது.

முத்தியால்பேட்டை ரவி:
சரி, நோட்டில் ஏறுகிறது. அப்புறம் அந்த நோட்டை யார் படிக்கிறார்கள்? கதிர், ஒன்று மட்டும்: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்த ஆமை, உச்சப் பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணை விலங்கு. அனுமதி இல்லாமல் முட்டையில் கை வைக்காதே. வெளிநாடு வேண்டாம் என்றால் ஜனவரியில் புதுச்சேரி ஊசுட்டேரிக்கு வா, நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். ஒரு கூட்டத்தை ஐம்பது ஐம்பதாகப் பிரித்து எண்ணுவதைப் பழைய ஆட்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

தேவனாம்பட்டினம் மணி:
நான் கடலுக்குப் போகிறவன். சனிக்கிழமை ராத்திரி ஆமை பார்க்க வரும் கூட்டத்தால் எங்களுக்கு வருத்தம்தான். வெள்ளை டார்ச் அடித்தால் ஏறிவந்த ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடுகிறது. 2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது எல்லாரும் மீனவனைத் திட்டினீர்கள். எந்த வலையில், எவ்வளவு ஆழத்தில் மாட்டுகிறது என்று எழுத என் படகில் இதுவரை ஒருவரும் ஏறியதில்லை. ஆமை சாவது கடலில், நீங்கள் நடப்பது கரையில்.

மஞ்சக்குப்பம் கதிர்:
அண்ணா, நான் வந்தால் ஏற்றிக்கொள்வீர்களா?

தேவனாம்பட்டினம் மணி:
வீட்டில் சொல்லிவிட்டு வா. விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்புவோம்.

முத்தியால்பேட்டை ரவி:
போ, நல்லதுதான். ஆனால் போகுமுன் உன் பேராசிரியரிடம் ஒரு படிவம் போட்டு வாங்கிக்கொள். வலை வகை, ஆழம், நேரம், உயிரோடு வந்ததா இல்லையா என்று ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி எழுத வேண்டும். ஆப்பிரிக்கா பற்றி என் எண்ணம் மாறவில்லை.

தாழங்குடா செல்வி:
ஆமை மாட்டாத நாளையும் எழுதச் சொல்லுங்கள் ரவி. அது இல்லாமல் கணக்கு நிற்காது.