வவுனியா நூதனசாலைக்குப் போறவை சுடுமண் பொருட்களிட்டை கொஞ்சம் நில்லுங்கோ

வவுனியாத் தொல்பொருள் நூதனசாலை சின்னது. புத்தர் சிலைகளைப் பார்த்த கையோடு வெளிக்கிடுற ஆக்கள்தான் கூட. சிலைகளும் பார்க்கவேண்டியவைதான், 5ஆம் நூற்றாண்டிலிருந்து 8ஆம் நூற்றாண்டு வரையான சுண்ணக்கல் வேலை. ஆனால் கிளிநொச்சிப் பக்கத்தில் எடுத்த சுடுமண் உருவங்களை அவசரத்தில் கடந்துபோகாதேங்கோ.

உடைந்த விளிம்பைத்தான் முதலில் பார்க்கவேணும். வெளிப்பக்கம் சிவப்பாகவும் நடு கறுப்பாகவும் இருந்தால், சூளையில் காற்றும் சூடும் உள்ளே வரை போய்ச் சேரவில்லை. களிமண்ணில் இருந்த தாவரச் சத்து முழுக்க எரியாமல் கரியாக நின்றுவிட்டது. பெரிய உருவங்களை உள்ளே கோறையாகச் செய்வார்கள். தடிப்பாக விட்டால் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் சூளையிலேயே வெடித்துவிடும். உட்பக்கம் தெரிகிற மாதிரி வைத்திருந்தால் குனிந்து பாருங்கோ, களிமண்ணை அழுத்திய விரல் தடம் சிலதில் அப்படியே கிடக்கும்.

கறுப்பு-சிவப்புப் பானை ஓடு எங்கே கண்டாலும் இதையும் கவனியுங்கோ: உள்ளும் வாயோரமும் கறுப்பு, வெளியே கீழ்ப்பாகம் சிவப்பு. பானையைக் கவிழ்த்துச் சுடுவதால் இப்படி வரும் என்பதுதான் பலர் சொல்லும் விளக்கம். காற்றுப் பட்ட இடம் சிவக்கும், படாத இடம் கறுக்கும்.

பானை ஓட்டில் கீறியிருக்கிற குறிகள் நேர் வெளிச்சத்தில் தெரியாது. பக்கவாட்டில் சாய்ந்து விழுகிற வெளிச்சம் வேணும். போன் டோர்ச் பிடிக்க முதல் அங்கே இருக்கிறவரிடம் கேளுங்கோ. கண்ணாடிக்கு முன்னால் பிளாஷ் அடித்தால் படத்தில் வெள்ளைப் பொட்டுத்தான் விழும். பூட்டியிருக்கிற நாளையும் முதலே விசாரித்துவிட்டு வெளிக்கிடுங்கோ.

---

இதோடு ஒன்றைச் சேர்க்கவேணும். குளக்கட்டு வேலையிலும் வயல் உழவிலும் பழைய பானை ஓடுகள் வெளியே வரும். வீட்டுக்குக் கொண்டுவந்து தும்பால் தேய்த்துக் கழுவுகிறார்கள். அதோடு ஒட்டியிருந்த புகைக்கரியும் சமையல் படிவும் போய்விடும். எந்த ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்ற விபரமும் போய்விடும். அதன்பிறகு அது வெறும் ஓடுதான். கிடந்த இடத்திலேயே பக்கத்தில் ஒரு பேனையை வைத்துப் படம் எடுங்கோ, இடத்தைக் குறியுங்கோ, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கோ. அறிவிக்கவேணும் என்றுதான் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டமும் கேட்கிறது.

நூதனசாலை பார்த்தபின் நேரமிருந்தால் பெரியபுளியங்குளம் போகலாம். அங்கே குகையில் பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில், விசாகன் என்ற தமிழ் வணிகனின் பெயர் இருக்கிறது. முல்லைத்தீவுப் பக்கம் போறவை கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் நடுகல்லைப் பார்க்கலாம். வன்னித் தலைவனான அவன் ஆங்கிலேயரிடம் தோற்ற 1803 ஒக்ரோபர் 31ஐ அது குறிக்கிறது. எங்கே போனாலும் மிதிபட்ட பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்கவேண்டாம். கண்ணிவெடி இருக்கிறதென்று எச்சரிக்கிற மண்டையோட்டுப் பலகை கண்ணில் பட்டால், வந்த தடத்திலேயே திரும்புங்கோ.